சேப்பாக்கத்திலிருந்து எழும்பூர் வரை: சென்னையில் இந்தோ-சாரசனிக் பாணியின் வளர்ச்சி

சென்னைக்கு வருவோர் தவறாமல் காணும் செந்நிறக் கட்டடங்கள் சில உண்டு. சேப்பாக்கம் அரண்மனை, பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம், உயர் நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. குவிமாடமும் கூர்வளைவும் கொண்ட இவற்றை ‘வெள்ளைக்காரர் கட்டியவை’ என ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். ஆனால் ஆண்ட ஆங்கிலேயருக்கு இந்த இந்தோ-சாரசனிக் பாணி சொந்தமானதன்று. ஆட்சி இழந்த நவாபு வமிசத்தின் அரண்மனையில் வேர்கொண்டு, அரசியல் தேவையால் வளர்ந்த பாணி இது. அவ்வளர்ச்சியின் படிநிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கக் காலம்: கிரேக்க, ரோமானியச் சாயல்

1639இல் நிலம் பெற்றுக் கோட்டை எழுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, தன் கட்டடங்களுக்குத் தாயகத்தின் வடிவங்களையே நாடியது. கோட்டைக்குள் 1680இல் புனித மேரி தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பின், வெற்றியைக் கொண்டாடும் விருந்து மண்டபம் ஒன்றை வானியலாளர் ஜான் கோல்டிங்காம் வடிவமைத்தார். 1802இல் முடிந்த அந்த மண்டபமே இன்றைய ராஜாஜி மண்டபம். உயர்ந்த படிக்கட்டும் வரிசைத் தூண்களுமாக அது கிரேக்கக் கோயிலின் சாயலில் நிற்கிறது. வென்றவரின் அதிகாரம் அன்று ஐரோப்பிய உருவிலேயே தன்னைக் காட்டிக்கொண்டது.

நவாபின் அரண்மனை

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா, கம்பெனியின் பாதுகாப்பை நாடிச் சென்னையில் குடியேறினார். அவருக்காக 1768இல் சேப்பாக்கத்தில் எழுந்த அரண்மனை கலச மகால், ஹுமாயூன் மகால் என்னும் இரு பகுதிகளைக் கொண்டது. கம்பெனி ஊழியர் பால் பென்ஃபீல்டு இதைக் கட்டியதாகக் கருதப்படுகிறது. இஸ்லாமிய வளைவுகளும் குவிமாடங்களும் ஐரோப்பியக் கட்டுமான முறையோடு கலந்த இந்த அரண்மனையை, இப்பாணியின் முதல் கட்டடம் என்றே அறிஞர் பலர் குறிப்பிடுகின்றனர்.

நவாபு குலாம் கவுஸ் கான் 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். நவாபு பதவியைக் கம்பெனி முடிவுக்குக் கொண்டுவந்தது. அரண்மனை ஏலத்துக்கு வந்தபோது அரசே அதை வாங்கி அலுவலகங்களாக மாற்றியது. மன்னரின் இருப்பிடம் அரசின் கைக்கு வந்ததே இந்த வரலாற்றின் திருப்புமுனை.

சிஷோமின் மாற்றம்

1864இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் மாநிலக் கல்லூரி, செனட் இல்லம் இரண்டிற்குமான பணியை வென்றவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். 1870இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரியை அவர் இத்தாலியச் சாயலில் கட்டினார். கல்லூரி நிற்கும் அதே கடற்கரையில் 1874இல் தொடங்கி 1879இல் முடித்த செனட் இல்லமோ, மூலைக் கோபுரங்களும் குவிமாடங்களும் பைசாந்திய நுணுக்கங்களும் கொண்டு முற்றிலும் வேறாக அமைந்தது.

ஒரே கலைஞர் சில ஆண்டுகளுக்குள் இவ்வளவு மாறியதற்குக் காரணம் தனிமனித ரசனை மட்டுமன்று. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இந்தியாவின் அரசுக் கட்டடங்களுக்கு இஸ்லாமியக் கட்டடக்கலையே தக்கது என வெளிப்படையாக வாதிட்டவர். அவர் காலத்தில்தான் சிஷோம் சேப்பாக்கம் அரண்மனையைச் சீரமைத்தார். இரு மகால்களுக்கும் இடையே கோபுரம் எழுப்பினார். வருவாய் வாரியக் கட்டடத்தையும் அரண்மனைக்கு இசைவாகவே சேர்த்தார். அந்தப் பட்டறிவின் கனியே செனட் இல்லம். 1857 கிளர்ச்சிக்குப் பின், முடியாட்சி தன்னை முகலாயரின் வழித்தோன்றலாகக் காட்ட விரும்பியதும் இதற்குத் துணைநின்றது.

இர்வினின் காலம்

அடுத்த கட்டத்தில் இப்பாணி நகரெங்கும் பரவியது. ஜே. டபிள்யூ. பிராசிங்டன் வரைந்த உயர் நீதிமன்றத் திட்டத்தைக் கட்டடக்கலைஞர் ஹென்றி இர்வின் திருத்தினார். ஜே. எச். ஸ்டீபன்ஸ் மேற்பார்வையில் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. அதன் உச்சிக் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் பணியாற்றியது. கப்பலோட்டிகளுக்கும் வழக்காடிகளுக்கும் ஒருங்கே வழிகாட்டிய கட்டடம் இந்தியாவில் அரிது.

இந்தக் கட்டத்தில் இந்தியர் பங்கு தெளிவாகத் தெரிகிறது. உயர் நீதிமன்றத்தையும் விக்டோரியா நினைவு மண்டபத்தையும் எழுப்பிய ஒப்பந்ததாரர் தா. நம்பெருமாள் செட்டியார். 1909இல் முடிந்த அந்த எழும்பூர் மண்டபத்தின் முகப்பு ஃபதேபூர் சிக்ரியின் நுழைவாயிலை நினைவூட்டும். 1908இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையத்தில் முகலாயக் கூறுகளோடு திராவிடச் சாயலும் இடம்பெற்றது. வரைபடம் ஆங்கிலேயருடையது, செங்கல்லை அடுக்கி, சுண்ணாம்பு அரைத்து, கல்லில் பூவேலை செதுக்கிய கைகள் இந்நாட்டுக் கொத்தர், சிற்பியருடையவை.

இப்பாணி எதிர்ப்பின்றி ஆட்சி செலுத்தியதாகவும் கூற இயலாது. 1913இல் திறந்த மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, வெண்ணிறத்தில் மீண்டும் ஐரோப்பிய மரபுக்கே திரும்பியது.

முடிவுரை

சேப்பாக்கம், விருந்து மண்டபம், செனட் இல்லம், உயர் நீதிமன்றம், எழும்பூர் என்ற கால வரிசையில் இவற்றைக் காண்போர், அதிகாரம் தன் முகத்தை மாற்றிக்கொண்ட விதத்தைக் கண்ணாரக் காணலாம். இவை ஒன்றையொன்று விளக்கும் சான்றுகள். ஒன்று அழிந்தாலும் மற்றவற்றின் பொருள் குறையும். 2012இல் கலச மகால் தீக்கிரையானபோது அவ்விழப்பு மிக அருகில் வந்தது. பின்னர் பொதுப்பணித் துறை அதை மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கு இயங்குகிறது. இதே பாணியிலமைந்த அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் தடுத்தது. எனினும் தீர்ப்புகளால் மட்டும் மரபு நிலைக்காது. பழைய சுவர் மீது சிமெண்டைப் பூசாமல் சுண்ணாம்புச் சாந்தையே இடவல்ல கொத்தர்களைப் பயிற்றுவிப்பதும், அவர்களுக்குத் தொடர்ந்து வேலை கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை. கட்டடங்களைக் காக்கும் முதல் வழி, அவற்றைக் கட்டிய கைத்திறனைக் காப்பதே.