வெட்கத்தையும் கற்பித்த பாடசாலை



சுவீடன், நோர்வே என்றதும் மனித உரிமையும் நல்ல கல்வியும்தான் நமக்கு ஞாபகத்துக்கு வரும். அதே நாடுகளில் ஒரு பூர்வகுடி இனம் தன் மொழியைப் பாடசாலையிலேயே பறிகொடுத்த கதையைச் சில திரைப்படங்கள் சொல்கின்றன. ஆசிரியர்களாகிய நாம் அவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அந்த இனத்தின் பெயர் சாமி. நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகிய இடங்களில் வாழ்கிறார்கள். கலைமான் மேய்ப்பும் மீன்பிடியும் அவர்களுடைய பழைய தொழில்கள். மற்றவர்கள் வைத்த 'லாப்' என்ற பெயரை அவர்கள் இழிசொல்லாகவே கருதுகிறார்கள்.

2016இல் வந்த 'சாமி இரத்தம்' என்ற சுவீடன் படத்தை இயக்கியவர் அமண்டா கெர்னெல். அவருடைய தந்தை சாமி இனத்தவர். கதை நடப்பது 1930களில். எல்லெ-மார்யா என்ற 14 வயதுப் பிள்ளை, தங்கையோடு விடுதிப் பாடசாலையில் படிக்கிறாள். அங்கே தாய்மொழியில் கதைத்தால் பிரம்படி. ஒருநாள் உப்சாலா நகரிலிருந்து சிலர் வருகிறார்கள். பிள்ளைகளின் தலையை அளக்கிறார்கள். உடைகளைக் களையச் சொல்லிப் படம் பிடிக்கிறார்கள்.

இது வெறும் கற்பனை அல்ல. 1922இல் சுவீடன் அரசே உப்சாலாவில் இன உயிரியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அதன் தலைவர் ஹெர்மன் லுண்ட்போர்க் சாமி மக்களை இப்படித்தான் அளந்தார், படம் எடுத்தார்.

எல்லெ-மார்யா கெட்டிக்காரி. ஆசிரியையாக வேண்டும் என்பது அவள் ஆசை. மேலே படிக்க உதவும்படி தன் ஆசிரியையிடம் கேட்கிறாள். உங்கள் இனத்தவரால் நகரத்தில் பிழைக்க முடியாது, ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன என்று அவர் மறுத்துவிடுகிறார். இதுவும் அன்றைய கொள்கைதான். 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கலைமான் மேய்ப்பவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை, குறைந்த கல்வி. நோர்வேயில் நேர்மாறு: சாமி பிள்ளைகளை முழு நோர்வேஜியராக மாற்றுவதே அங்கே இலக்கு. இரண்டு நாடுகளிலும் சாமி மக்களைக் கேட்டு எதுவும் முடிவு செய்யப்படவில்லை.

எல்லெ-மார்யா ஓடிப்போகிறாள். தன்னைத் தட்டிக்கழித்த அதே ஆசிரியையின் பெயரைத் தன் பெயராக்கிக் கொள்கிறாள். முதுமையில் தங்கையின் இறுதிச் சடங்குக்கு வரும்போதும் தன் இனத்தாரோடு ஒட்டாமல் நிற்கிறாள். கடைசியில் தங்கையின் பெட்டியருகே தாய்மொழியில் மன்னிப்புக் கேட்கிறாள். பிரம்படியின் வலி என்றோ ஆறியிருக்கும். வெட்கம் மட்டும் ஆயுள் முழுக்க அவளோடு இருந்தது.

2023இல் வந்த 'ஆறு ஓடட்டும்' என்ற நோர்வே படத்தின் நாயகியும் ஓர் ஆசிரியை. அல்டா நகருக்குப் படிப்பிக்க வரும் அவள், தான் சாமி என்பதை மறைக்கிறாள். சக ஆசிரியர்கள் சாமி மக்களைப் பகிடி பண்ணும்போது மௌனமாக இருக்கிறாள். அல்டா ஆற்றில் அணை கட்டுவதற்கு எதிராக 1979இல் எழுந்த போராட்டம் அவளை மாற்றுகிறது. அணை கட்டப்பட்டது உண்மைதான். ஆனால் அந்தப் போராட்டத்தின் பயனாக 1989இல் நோர்வேயில் சாமி பாராளுமன்றம் திறந்தது. 1997இல் மன்னர் ஹரால்ட் அங்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

முதல் படத்தின் ஆசிரியை ஒரு கொடுமைக்காரி போலத் தெரியவில்லை. கனிவாகப் பேசுகிறார், கவிதை படிப்பிக்கிறார். நல்லது செய்வதாகவே நம்புகிறார். அதுதான் நம்மைத் தூங்கவிடவில்லை. வீட்டுப் பேச்சோடு வகுப்புக்கு வரும் பிள்ளையைப் பார்த்து நாமும் சிரித்திருக்கிறோமா? "இவனுக்கு இது சரிவராது" என்று எத்தனை பேரை முன்கூட்டியே முடிவு கட்டியிருக்கிறோம்?

படத்தை முதலில் நாம் பார்ப்போம். சில காட்சிகள் சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பார்த்தவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.