எந்தப் பட்டறை?

கும்மிடிப்பூண்டியில் லேத் பட்டறைக்காரன் நான். பெரம்பலூர் மச்சான் போனில், "பட்டறை நனைஞ்சு போச்சு மாப்ளே" என்றார். மெஷின் என்னவாயிற்றோ என்று பதறினேன். அவர் சொன்னது, சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேமிக்கும் பட்டறை! மகள் போகும் கவிதைப் பட்டறையிலோ சுத்தியல் சத்தமே கிடையாது.

பட்டறையின் பழைய வடிவம் பட்டடை; அதாவது கொல்லனின் அடைகல். குறள் 821இல் கூடா நட்புக்கு வள்ளுவர் உவமை சொன்னது இந்த அடைகல்லைத்தான். குவியல் என்ற பொருளும் பட்டடைக்கு உண்டு. வெங்காயப் பட்டறை அந்த வழி.

திருவள்ளூர் பக்கம் பட்டறைப்பெரும்புதூர் என்றே ஓர் ஊர். 2015-16 அகழாய்வில் அங்கே கற்கருவிகளும் உறைகிணறும் கிடைத்தன. அதே கொசஸ்தலையாற்றுப் படுகையில், அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்ட கற்கருவிப் பட்டறைக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு.