ஒரு சோறு பதம் – எந்தப் பானைக்கு?

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். புள்ளியியல் வகுப்பில் ‘சாம்பிள்’ என்று நாம் பக்கம் பக்கமாகப் படித்ததெல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடக்கம். ஆனால் பாட்டி ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டார். அந்தச் சோறு எந்தப் பானையிலிருந்து எடுத்தது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்! இதைக் கவனிக்காமல் அமெரிக்கப் பங்குச்சந்தையின் பெரிய பெரிய கணக்குப் புலிகளே தடுமாறிய வரலாறு ஒன்று உண்டு. வணிகவியலும் புள்ளியியலும் படிக்கும் இன்றைய மாணவ மாணவியருக்கும், சேமிப்பைப் பங்குகளில் போட்டு வைத்திருக்கும் நம் பழைய நண்பர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இம்மலரில் எழுதுகிறேன்.

ஒட்டுக்கேட்க ஒரு ஜன்னல்

அமெரிக்காவில் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குச் சொல்ல வேண்டும். காலாண்டு முடிந்து கணக்கு வெளிவரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பங்கு வைத்திருப்பவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. "எத்தனை வித்திருக்கும்?" என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐஃபோன் 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்தபோது இதற்கு ஒரு நல்ல ஜன்னல் கிடைத்தது. அமெரிக்காவில் அந்தப் போனுக்கு இணைப்புக் கொடுக்க ஒரே ஒரு செல்போன் நிறுவனத்துக்குத்தான் உரிமை. அதுதான் ஏ.டி. அண்ட் டி. அந்த நிறுவனமும் காலாண்டுக் கணக்கு வெளியிடும். பெரும்பாலும் ஆப்பிளுக்கு முன்னாலேயே வெளியிட்டுவிடும். அதில் எத்தனை ஐஃபோன்களுக்கு இணைப்புக் கொடுத்தோம் என்ற எண்ணும் இருக்கும். பிறகென்ன? அதை வைத்து ஆப்பிளின் விற்பனையைச் சொல்லிவிடலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முதல் சறுக்கல்

2007 ஜூலை 24. முதல் இரண்டு நாட்களில் 1,46,000 ஐஃபோன்களுக்கு இணைப்புக் கொடுத்ததாக ஏ.டி. அண்ட் டி. அறிவித்தது. சந்தை எதிர்பார்த்ததோ அதைவிட மிக அதிகம். "இவ்வளவுதானா!" என்று ஆப்பிள் பங்கு அன்றே 6 சதவீதம் அளவுக்கு விழுந்தது. மறுநாள் ஆப்பிள் தன் கணக்கைச் சொன்னது. ஜூன் 29 மாலை தொடங்கி 30 இரவு வரை, 30 மணி நேரத்தில் விற்றது 2,70,000!

இரண்டில் எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. ஆப்பிள் எண்ணியது விற்ற போனை. ஏ.டி. அண்ட் டி. எண்ணியது உயிர் கொடுத்த போனை. கடையில் வாங்கியவர் வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸ் வழியாக இணைப்பைத் தொடங்க வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. கூட்டம் தாங்காமல் அந்த ஏற்பாடே திணறியது. பலருக்கு இணைப்புக் கிடைக்கும்போது ஜூலை மாதம் பிறந்துவிட்டது. கூடுதல் விலைக்கு விற்கலாம் என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்களும் உண்டு.

காணாமல் போன ஐஃபோன்கள்

அந்த ஆண்டு முடிந்தபோது இடைவெளி இன்னும் பெரிதானது. 2007 டிசம்பர் வரை ஆப்பிள் விற்றது சுமார் 37 லட்சம். ஏ.டி. அண்ட் டி.யிடம் இருந்த ஐஃபோன் வாடிக்கையாளர்களோ 20 லட்சத்தைத் தொடவில்லை. மீதி எங்கே போச்சு? பெர்ன்ஸ்டீன் நிறுவன ஆய்வாளர் டோனி சக்கோனாகி 2008 ஜனவரியில் இந்தக் கேள்வியை எழுப்பினார்.

பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளில் நவம்பரில்தான் விற்பனை தொடங்கியிருந்தது. அங்கே போனது ஒரு பங்கு. கடைகளில் விற்காமல் இருந்த சரக்கு ஒரு பங்கு. பெரும் பங்கு, பூட்டு உடைக்கப்பட்டு வேறு நிறுவனங்களின் சிம் கார்டோடு வேலை செய்துகொண்டிருந்தது. சீனா போல, ஐஃபோன் இன்னும் முறைப்படி நுழையாத நாடுகளுக்கும் அவை போய்ச் சேர்ந்திருந்தன. அதற்கு முந்தைய அக்டோபரிலேயே, விற்ற 14 லட்சத்தில் இரண்டரை லட்சம் போன்கள் பூட்டை உடைக்கும் எண்ணத்தோடு வாங்கப்பட்டவையாக இருக்கலாம் என்று ஆப்பிளின் டிம் குக் கூறியிருந்தார்.

இது வெறும் எண் விளையாட்டு அல்ல. அன்றைய ஒப்பந்தப்படி, வாடிக்கையாளர் மாதாமாதம் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கை ஏ.டி. அண்ட் டி. ஆப்பிளுக்குத் தந்தது. பூட்டு உடைத்த போனில் அந்த வரவு கிடையாது. ஆகவே காணாமல் போன ஒவ்வொரு போனும் ஆப்பிளுக்கு வருமான இழப்பு.

2012 ஏப்ரல் 24

ஆண்டுகள் ஓடின. 2011 பிப்ரவரியில் வெரைசான், அக்டோபரில் ஸ்பிரிண்ட் என்று அமெரிக்காவில் மேலும் பல நிறுவனங்கள் ஐஃபோன் விற்கத் தொடங்கின. ஜன்னல்கள் கூடின. பார்வை தெளிந்ததா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமா? 2011 கடைசிக் காலாண்டில் ஏ.டி. அண்ட் டி. கணக்கு 76 லட்சம், வெரைசான் சுமார் 42 லட்சம். ஆக 118 லட்சம். உலகம் முழுதும் ஆப்பிள் விற்றது 370 லட்சம். அதாவது இந்த இரண்டு நிறுவனங்களின் பங்கு சுமார் 32 சதவீதம். அடுத்த காலாண்டில் ஏ.டி. அண்ட் டி. 43 லட்சம், வெரைசான் 32 லட்சம் என்று அறிவித்தன. கூட்டினால் 75 லட்சம். பழைய விகிதம் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆப்பிளின் விற்பனை சுமார் 235 லட்சம் என்று விடை வரும். சந்தையோ சுமார் 300 லட்சத்தை எதிர்பார்த்திருந்தது. ஏப்ரல் 24 காலையில் ஏ.டி. அண்ட் டி. எண் வந்ததும், ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த ஆப்பிள் பங்கு மேலும் இறங்கியது.

அன்று மாலை ஆப்பிள் வெளியிட்ட எண் 351 லட்சம்! மறுநாள் பங்கு சுமார் 9 சதவீதம் ஏறியது. காலையில் பயந்து விற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டார்கள்.

கூட்டலிலும் வகுத்தலிலும் தப்பு இல்லை. மாறியது பானை. ஐஃபோன் 4எஸ் அமெரிக்காவில் 2011 அக்டோபரிலேயே வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் கூட்டமும் அதே காலாண்டில் முடிந்துவிட்டது. சீனாவுக்கு அது வந்ததோ 2012 ஜனவரியில். அங்கே அது புத்தாண்டுப் பண்டிகை நேரம். மார்ச்சில் சைனா டெலிகாம் நிறுவனமும் விற்பனையைத் தொடங்கியது. சீன வட்டாரத்தில் ஐஃபோன் விற்பனை முந்தைய ஆண்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. அமெரிக்கப் பானையில் கொதி அடங்கிய நேரத்தில் சீனப் பானை பொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல்களோ இரண்டுமே அமெரிக்கப் பக்கம்தான் திறந்திருந்தன.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்த 351 லட்சமும் மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததல்ல. அந்தக் காலாண்டில் கடைகளிலும் கிடங்குகளிலும் இருந்த சரக்கு சுமார் 26 லட்சம் கூடியதை ஆப்பிளே தெரிவித்தது. ‘விற்றது’ என்றால் யார் யாருக்கு விற்றது என்றும் கேட்டாக வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

விடைத்தாள் இல்லாத தேர்வு

2018 நவம்பர் 1 அன்று ஆப்பிள் ஒரு முடிவை அறிவித்தது. இனி எத்தனை ஐஃபோன் விற்றது என்று சொல்லமாட்டோம், வருமானத்தை மட்டும் சொல்வோம் என்றது. கடையில் தள்ளுவண்டி நிறையச் சாமான் எடுத்தவரிடம் ‘எத்தனை உருப்படி?’ என்று கேட்பது போன்றதுதான் இந்த எண்ணிக்கை, மொத்த மதிப்புதானே முக்கியம் என்பது டிம் குக் தந்த விளக்கம். 2018 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான 469 லட்சமே ஆப்பிள் வெளியிட்ட கடைசி எண்ணிக்கை. இரண்டே மாதத்தில், 2019 ஜனவரி 2 அன்று, எதிர்பார்த்த வருமானம் 8,900 கோடி டாலருக்குக் குறையாது என்று முன்பு சொன்னதை 8,400 கோடி என்று ஆப்பிள் குறைத்துச் சொன்னது. அதற்கு முக்கியக் காரணமாகக் காட்டியது மீண்டும் சீனாவைத்தான். மறுநாள் பங்கு ஏறக்குறைய 10 சதவீதம் விழுந்தது.

முன்பெல்லாம் கணித்தவர் சில நாளில் மார்க் வாங்கிவிடுவார். 235 என்று எழுதியவருக்கு 351 என்ற விடை வரும், தப்பு எங்கே என்று தெரிந்துகொள்வார். இப்போது ஐ.டி.சி., கவுன்டர்பாயின்ட் போன்ற ஆய்வு நிறுவனங்கள் வெளியிடும் ஐஃபோன் எண்ணிக்கைகள் எல்லாம் மதிப்பீடுகளே. ஒத்துப் பார்க்க ஆப்பிளின் விடைத்தாள் கிடையாது. திருத்தாத தேர்வில் எல்லோருமே பாஸ்தானே!

ஆகவே, மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் வங்கியிலோ கம்பெனியிலோ அரசு அலுவலகத்திலோ ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்கும் இடத்தில் உட்காரப் போகிறீர்கள். அந்த முடிவில் யாரோ ஒருவருடைய சேமிப்போ வேலையோ தொங்கிக்கொண்டிருக்கும். கால்குலேட்டரைத் தொடுமுன் அந்த எண் எதை எண்ணியது, எந்த ஊரில் எண்ணியது, எந்தத் தேதி வரை எண்ணியது என்று கேளுங்கள். "இதெல்லாம் எதுக்குய்யா?" என்று மேலதிகாரி சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.