பாலுவின் கைக்கு வராத பேட்

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வரும் பையன் ஒருவனுக்குப் பதினான்கு வயது. சேரிக்குப் பின்னால் ஏரிக்கரையில் டென்னிஸ் பால் அடிப்பதில் சுற்றுவட்டாரமே பேசும் ஆள். கோடை விடுமுறையில் டவுனில் நடந்த கிரிக்கெட் பயிற்சி முகாமுக்கு நாலு பேரிடம் பணம் திரட்டி அவனை அனுப்பினோம். மூன்றாம் நாளே முகம் தொங்கிப்போய் வந்தான். நெட்டில் அவனுக்குக் கிடைத்தது ஆறோ ஏழோ லெதர் பந்துகள். ஒவ்வொன்றுக்கும் அவன் பின்னங்கால் லெக் பக்கம் விலகியிருக்கிறது. "உனக்கு மனசுல பயம். பேட்டிங்குக்கு மனசு வேணும். நீ பந்து போடு" என்று சொல்லிவிட்டார்களாம். மிச்ச நாளெல்லாம் மற்றப் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுவிட்டு வந்தான்.

சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் "மனசு" என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நூற்றைம்பது வருட வரலாறு இருக்கிறது. அது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் நல்லது.

முதலில் அந்தக் கால் ஏன் விலகுகிறது என்று பார்ப்போம். டென்னிஸ் பால் எடை குறைவு, பட்டால் வலிக்காது, மேடுபள்ளமான தரையில் எழும்பி வரும். ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டத்தில் தடுத்து ஆடுவதற்கு மதிப்பில்லை. அங்கே காலை விலக்கி, இடம் எடுத்து, குறுக்கே வீசுவதுதான் சரியான ஆட்டம். அந்த மைதானம் கற்றுக்கொடுத்த உத்தி அது. லெதர் பந்து ஏறக்குறைய 160 கிராம். அதற்கு உடம்பு பந்தின் நேர்கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும், முன்னங்கால் நகர வேண்டும், தலை அசையக் கூடாது. இது தைரியத்தால் வருவதில்லை. ஆயிரக்கணக்கான பந்துகளை வாங்கிப் பழகிய உடம்புக்கு வருவது. ஏழு பந்தில் யாருக்கும் வராது.

இதே குறை ஒரு பெரிய பெயருக்கும் இருந்தது. 1890களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் படித்த ரஞ்சித்சிங்ஜி வேகப்பந்தைக் கண்டால் பின்னால் ஒதுங்குவார். அவருடைய வலது காலைத் தரையோடு கட்டிவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். நகர முடியாத அந்தக் காலில் இருந்துதான் அவருடைய புகழ்பெற்ற லெக் கிளான்ஸ் அடி பிறந்ததாம். சர்ரே அணியின் முன்னணித் தொழில்முறைப் பந்துவீச்சாளர்களைக் கூலி கொடுத்து வரவழைத்து, தனக்கு மட்டும் பந்து போடச் சொன்னார். கையில் காசு இல்லாதபோது கடன் வாங்கிச் செலவழித்தார். 1896இல் மான்செஸ்டரில் இங்கிலாந்துக்காக ஆடிய முதல் டெஸ்டிலேயே 62, ஆட்டமிழக்காமல் 154. பின்னாளில் நவாநகரின் மன்னர். ரஞ்சியின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவருடைய பயத்துக்குக் கிடைத்தது ஒரு கயிறும், கூலிக்குப் பந்து போட ஆட்களும், பல மாதங்களும். எங்கள் பையனின் பயத்துக்குக் கிடைத்தது ஒரு தீர்ப்பு.

அதே 1890களில் புனேயில் ஒரு சமார் இளைஞர் இருந்தார். பல்வாங்கர் பாலு. தந்தைக்கு ராணுவத்தில் வேலை. பாலு ஒரு பார்சி கிளப்பில் மாதம் மூன்று ரூபாய்க்கு மைதானத்தைப் பெருக்கி, பிட்சை உருட்டினார். பிறகு ஐரோப்பியர்களின் பூனா கிளப்பில் நான்கு ரூபாய். நெட் கட்டுவது, தண்ணீர் தெளிப்பது, துரைமார்கள் பேட்டிங் பழக இடது கையால் சுழற்பந்து போடுவது, எல்லாம் அவர் வேலை. தன்னை ஒருமுறை அவுட்டாக்கினால் எட்டணா என்று கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் அவரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. நாள் கணக்கில், வருடக் கணக்கில் பந்து போட்டார். ஆனால் அந்த நெட்டில் ஒருநாள்கூட அவர் கையில் பேட்டைக் கொடுக்கவில்லை.

இதை வெறும் மறதி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்திலேயே கிரிக்கெட் அப்படித்தான் பிரிந்து கிடந்தது. கூலி வாங்காமல் ஆடுகிறவர் அமெச்சூர், அதாவது "ஜென்டில்மேன்". கூலிக்கு ஆடுகிறவர் "பிளேயர்". 1806இல் தொடங்கி 1962 வரை இந்த இரண்டு தரப்புக்கும் தனி ஆட்டமே நடத்தினார்கள். உடை மாற்ற வேறு அறை, மைதானத்துக்குள் வர வேறு வாசல், ஸ்கோர் கார்டில் பெயர் எழுதும் முறைகூட வேறு. பேட்டிங் பெரும்பாலும் கனவான்களின் கலை, பந்துவீச்சு உழைப்பாளியின் வேலை. தொழில்முறை ஆட்டக்காரரான லென் ஹட்டனை இங்கிலாந்து அணிக்கு முறையான தலைவராக்க 1952 வரை ஆனது. இந்த வர்க்கப் பிரிவு இந்தியாவுக்கு வந்தபோது இங்கே ஏற்கனவே சாதி உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்திக்கொண்டன.

பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தோல். மீரட்டிலும் ஜலந்தரிலும் அந்தத் தோலை வெட்டித் தைப்பவர்களில் பெரும்பகுதி இன்றும் தலித்துகள். தைத்த கை தீட்டு, தைத்த பந்து தீட்டு இல்லை.

ஐரோப்பியர்களை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் புனேயின் இந்து கிளப் பாலுவை அணியில் சேர்த்தது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. பாலுவுக்குப் பெவிலியனுக்கு வெளியே மண் குவளை. நம்மூர் டீக்கடைகளின் இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு பம்பாய்க்குப் போனார். 1911இல் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் இந்துக்களின் அணி அவரை ஒருபோதும் தலைவராக்கவில்லை.

என்னைக் கவர்வது அவருடைய தம்பிகளின் கதை. அதே 1911 பயணத்தில் சாமர்செட் அணிக்கு எதிராக சிவராம் ஆட்டமிழக்காமல் 113 ரன் எடுத்தார், இந்தியர்கள் ஒரு விக்கெட்டில் வென்றார்கள். இளையவர் விட்டல் அந்தக் காலத்து இந்து அணியின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அண்ணனுக்குப் பந்து மட்டும், தம்பிகளுக்கு பேட். நடுவில் என்ன மாறியது? அண்ணன் பந்து போட்டுச் சம்பாதித்த பெயரும் இடமும் மாறியிருந்தது. தம்பிகளுக்கு மைதானம் இருந்தது, ரயில்வே வேலை இருந்தது, வீட்டிலேயே நாட்டின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். ஒரே தலைமுறைக்குள் "பேட்டிங் மனசு" வந்துவிட்டது! ரத்தத்தில் இல்லாத ஒன்று இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்திருக்கும் என்று யாராவது கேட்டால், இந்த வீட்டைக் காட்டுங்கள்.

மனசைப் பற்றிப் பேசுவதானால் 1920ஆம் ஆண்டைப் பேச வேண்டும். பம்பாயின் நாற்கோணப் போட்டியில் பாலுவை அணியில் இருந்து நீக்கினார்கள். விட்டலுக்கு வர வேண்டிய தலைமை வேறொருவருக்குப் போனது. விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினார்கள். சாதிதான் காரணம் என்பதை மறைக்காமல் பொதுவில் அறிக்கை கொடுத்தார்கள். நல்ல ஃபார்மில் இருக்கும் ஆட்டக்காரன், தன் ஆட்டத்தையே பணயம் வைத்து பேட்டைக் கீழே வைப்பதற்கு எவ்வளவு மனசு வேண்டும்? நகரத்தில் பெரிய விவாதம் எழுந்தது. இறுதி ஆட்டத்தில் பாலு துணைத்தலைவரானார். தலைவர் பாய் சிறிது நேரம் மைதானத்தைவிட்டு வெளியேறிக்கொள்ள, பாலு அணியை நடத்தினார். அண்ணனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். 1923இல் விட்டல் இந்து அணியின் முழுத் தலைவரானார், ஐரோப்பியர்களை வென்றார்.

பாலுவைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்க வேண்டாம். இளம் அம்பேத்கர் அவரைப் போற்றினார், பாராட்டு விழா எடுத்தார். பின்னால் அதே பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று சுமார் 2,000 வாக்கில் தோற்றார். நமக்கு உறுத்தும் விஷயம்தான். அதற்காக மண் குவளையில் அவர் குடித்த தேநீர் இல்லாமல் போய்விடாது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கரையில் ஒரு துண்டு இடத்தைச் சமப்படுத்திப் பழைய மேட்டிங் விரித்திருக்கிறோம். கால்காப்பு இரவல். வலது குதிகாலுக்குப் பின்னால் ஒரு செங்கல் வைத்திருக்கிறோம், கால் விலகினால் இடிக்கும். முதலில் கையால் மெல்ல எறிந்த பந்து, இப்போது பத்தடி தள்ளி நின்று போடும் லெதர் பந்து. ஒரு விதி மட்டும் கறார்: முப்பது பந்து போட்டவனுக்கு முப்பது பந்து பேட்டிங், யாராக இருந்தாலும். போன ஞாயிற்றுக்கிழமை அவன் முப்பது பந்தில் நான்கு முறைதான் செங்கலில் இடித்துக்கொண்டான். அப்புறம் பேட்டை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போனான்.