க முதல் ன வரை

சங்கப் புலவர் பெயரிட்டு நான் சேமித்திருந்த கோப்புகளுள் மெய்வரிசையில் தொடங்குவனவற்றை மட்டும் திரட்டப் பைத்தான் நிரலில் ^[க-ன] என்று எழுதினேன். கபிலரும் நக்கீரரும் வந்தனர். பரணரும் வெள்ளிவீதியாரும் வரவில்லை.

தவறு என்னுடையதே. தொல்காப்பியர் எழுத்துவரிசையை னகரத்தில் முடிக்கிறார். கணினி அவ்வாறு முடிப்பதில்லை. 1956இல் ஸ்டீபன் கிளீனியின் கணிதக் கட்டுரையில் வெளிவந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனை 1968இல் கென் தாம்சன் உரைத்தேடலுக்குக் கொண்டுவந்தார். இன்று அதில் இரண்டு எழுத்துகளுக்கு இடையே கோடிட்டால், நிரல் பார்ப்பது குறியெண்களின் எல்லையை மட்டுமே.

அந்தக் குறியெண் வரிசை தில்லி வழி வந்தது. நடுவணரசின் மின்னணுவியல் துறை 1988இல் வகுத்த இஸ்கி, பிராமி வழிவந்த இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் ஒரே அடுக்கை விதித்தது. யூனிகோடும் அதையே பின்பற்றியது. அடுக்கு நாகரியினுடையது. அதனால்தான் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே தமிழில் மூன்று வெற்றிடங்கள். தமிழுக்கே உரிய னகரம், ஒலி ஒப்புமை கருதி, நகரத்தை அடுத்து அமர்த்தப்பட்டது. பகரம் அதற்குப் பின்னர்தான். ஆகவே என் எல்லைக்குள் பதினெட்டு மெய்களுள் ஒன்பதே அகப்பட்டன. அழையா விருந்தாக ஜகரமும் உள்ளே நின்றது. பல மொழிகளை ஒரே விசைப்பலகையில் எழுத அந்த ஒற்றை அடுக்கு உதவியது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் தமிழ் நெடுங்கணக்கு அதில் இடம்பெறவில்லை.

எல்லைக்கோட்டை நீக்கிவிட்டு, பதினெட்டையும் தனித்தனியே எழுதினேன்: ^[கஙசஞடணதநபமயரலவழளறன]. மரபு வரிசையிலேயே எழுதினேன். நிரலுக்கு அது ஒரு பொருட்டன்று. பரணர் வந்துவிட்டார்.