முகமூடி நகரம் – 9: திறந்த வாசல்

2011, ஜூன் 20. பாரகன் நகரத்தின் பழைய குடிமக்களுக்கு அன்று ஒரு செய்தி வந்தது. அந்த நகரத்தைக் களமாகக் கொண்ட ஆன்லைன் விளையாட்டான ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ இனி இலவசம். மாதம் தவறாமல் கட்டிவந்த 14 டாலர் 99 சென்ட் சந்தா இனிக் கட்டாயமில்லை. கணினியும் இணையமும் இருக்கிற யாரும் வரலாம். தனக்கென்று ஒரு சூப்பர்ஹீரோவை உருவாக்கிக்கொள்ளலாம். அட்லஸ் சிலையின் காலடியில் நின்று, ஊரைக் காக்கக் கிளம்பலாம். புதிய ஏற்பாட்டுக்குப் பெயர் ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ் ஃப்ரீடம்’.

இலவசம் என்றால் கொண்டாட வேண்டியதுதானே? ஆனால், இந்த விளையாட்டின் உரிமையாளரான என்ஸிசாஃப்ட் என்கிற கொரிய நிறுவனத்தின் முன்கதையை அறிந்த எவருக்கும் அந்தச் செய்தி வயிற்றைக் கலக்காமல் இருந்திருக்காது.

அந்த முன்கதையின் பெயர் ‘தபுலா ராசா’.

‘அல்டிமா’ விளையாட்டுகளைப் படைத்த ரிச்சர்ட் கேரியட், என்ஸிசாஃப்டுக்காகப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அறிவியல் புனைவு விளையாட்டு அது. 2007 நவம்பரில் வெளியானது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2008 அக்டோபரில் கேரியட் சொந்தச் செலவில் சோயுஸ் விண்கலம் ஏறி, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்தார். அவர் பூமியில் இறங்கிய அடுத்த மாதமே ‘தபுலா ராசா’ மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. 2009 ஜனவரி 10 முதல் எல்லோருக்கும் இலவசம் என்றார்கள். பிப்ரவரி 28 அன்று சர்வர்களை அணைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ‘டஞ்சன் ரன்னர்ஸ்’ என்று ஒரு சின்ன விளையாட்டு. ஆடுவது இலவசம், விருப்பப்பட்டவர்கள் மட்டும் மாதம் 5 டாலர் தரலாம். அதுவும் என்ஸிசாஃப்டுடையதுதான். வரவுக்கும் செலவுக்கும் கட்டுப்படியாகாமல் 2010 புத்தாண்டோடு அதன் கதையும் முடிந்தது.

ஆக, இந்த நிறுவனம் ‘இலவசம்’ என்று சொன்ன இந்த இரண்டு இடங்களிலும் அடுத்து வந்தது இழவுதான். இப்போது மறுபடியும் அதே சொல் வந்திருக்கிறது. என்ன அர்த்தம்?

*

பதில் தேட, மவுன்டன் வியூவுக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவின் வடபகுதியில், கூகுள் தலைமையகம் இருக்கும் அதே ஊர். அங்கேதான் பாரகன் ஸ்டுடியோஸ் இயங்கிவந்தது. 2007 நவம்பரில், இந்த விளையாட்டை உருவாக்கிய கிரிப்டிக் நிறுவனம் தன் மூத்த பிள்ளையை என்ஸிசாஃப்டிடம் விற்றுவிட்டு வேறு வழி பார்த்துப் போனதையும், ஒரு சிறு அணி மட்டும் பிரிந்துவந்து நகரத்தைத் தாங்கிப் பிடித்ததையும் முன்பே பார்த்தோம். அந்த அணியின் முகங்களில் ஒருவர் மேட் மில்லர். ஆட்டக்காரர்களுக்கு அவர் ‘பாசிட்ரான்’. விளையாட்டுக்குள் அந்தப் பெயரிலேயே ஒரு கதாநாயகன் உலவினான்.

மில்லரும் அவருடைய கூட்டாளிகளும் கையில் எடுத்துக்கொண்ட கணக்கு எளியது, கொடியது. 2004 ஏப்ரலில் நகரம் திறந்தபோது சூப்பர்ஹீரோக்களுக்கென்று அப்படியொரு ஆன்லைன் உலகம் வேறு இல்லை. அதே ஆண்டு நவம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வந்தது. மாதச் சந்தா கட்டுகிறவர் பெரும்பாலும் ஒரே விளையாட்டுக்குத்தான் கட்டுவார். இரண்டு இடத்தில் வாடகை கொடுத்துக் குடியிருக்க யாருக்கும் மனம் வராது. 2008ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு முடிவில் பாரகன் நகரத்தின் சந்தாதாரர்கள் சுமார் 1,25,000 பேர். நல்ல எண்ணிக்கைதான். ஆனால் வார்கிராஃப்ட்டின் சந்தாதாரர்கள் அப்போதே ஒரு கோடியைத் தாண்டியிருந்தார்கள்.

இதற்கு நடுவே வேறொரு திசையிலிருந்து காற்று வீசியது. பாஸ்டன் அருகே டர்பைன் என்றொரு நிறுவனம். அவர்களுடைய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன்’ தள்ளாடிக்கொண்டிருந்தது. 2009 செப்டம்பரில் சந்தா கட்டாயத்தை நீக்கினார்கள். உள்ளே ஒரு கடை வைத்தார்கள். பிழைத்துக்கொண்டது. மறு ஆண்டு ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன்’ விளையாட்டிலும் அதையே செய்தார்கள். சில மாதங்களில் வருமானம் மூன்று மடங்காகிவிட்டது என்று அறிவித்தார்கள். இலவச ஆட்டம் சாவின் முன்னறிவிப்பு என்கிற எண்ணத்தை உடைத்தது டர்பைன்தான்.

இந்தக் காற்று புறப்பட்ட இடம் அமெரிக்கா அல்ல, கொரியா. நெக்ஸான் நிறுவனத்தின் ‘மேப்பிள் ஸ்டோரி’ 2003இலேயே ஆட்டத்தை இலவசமாகத் தந்து, உள்ளே பொருள்களை விற்றுப் பணம் பார்த்தது. நெக்ஸான் என்கிற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் திரும்ப வரும்.

2011 பிறந்ததும் நெருக்கடி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஜனவரி 11 அன்று சோனி தன் ‘டிசி யுனிவர்ஸ் ஆன்லைன்’ விளையாட்டை இறக்கியது. பேட்மேனும் சூப்பர்மேனும் இருக்கிற உலகம். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 25 அன்று, பழைய தாயான கிரிப்டிக் தன் ‘சாம்பியன்ஸ் ஆன்லைன்’ விளையாட்டை இலவசமாக்கியது. ஒரு பக்கம் புகழ்பெற்ற முகமூடிகள். மறுபக்கம் பைசா கேட்காத முகமூடிகள். நடுவில் ஏழு வயதான பாரகன் நகரம்.

இனி எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது? இந்தக் கதையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

*

பொருட்காட்சிக்குப் போயிருப்பீர்கள். நுழைவுச்சீட்டு வாங்காமல் உள்ளே விட்டுவிட்டு, ஒவ்வொரு ராட்டினத்திலும் தனித்தனியாகச் சீட்டு கிழித்தால் எப்படியோ, அப்படித்தான் இலவச ஆட்டம். எந்த ராட்டினத்துக்குச் சீட்டு போடுகிறார்கள் என்பதில் தெரிந்துவிடும், நடத்துகிறவர்கள் தங்கள் ஆட்டத்தை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது.

கிரிப்டிக்கின் தேர்வைப் பாருங்கள். ‘சாம்பியன்ஸ்’ விளையாட்டின் பெருமையே, எந்தச் சக்தியையும் எந்தச் சக்தியோடும் கலந்து உங்கள் இஷ்டத்துக்கு ஒரு நாயகனை வடிக்கலாம் என்பதுதான். இலவசமாக வருகிறவருக்கு அதைத்தான் மறுத்தார்கள். அவர் தயாராக வடித்துவைத்த அச்சுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். சமையலறையின் சிறந்த பண்டத்தைக் கண்ணிலேயே காட்டாமல் விருந்தாளியை அனுப்பிவைத்தது அந்த ஏற்பாடு.

பாரகன் ஸ்டுடியோஸ் இதைவிடக் கவனமாக யோசித்தது. மூன்று படிகள் வைத்தார்கள். சந்தா கட்டுகிறவர் ‘விஐபி’. அவருக்கு ஏறக்குறைய எல்லாமே திறந்திருக்கும். கடையில் செலவழிக்க மாதம் 400 பாயின்ட் கையில் கிடைக்கும். ‘எக்ஸால்டட்’ என்று அவர்களுக்கு மட்டும் தனி சர்வரும் உண்டு. எப்போதாவது ஒரு முறையேனும் காசு செலவழித்தவர் ‘பிரீமியம்’. ஒரு பைசா தராதவர் ‘ஃப்ரீ’. அவருக்கு இரண்டு பாத்திரங்கள். பதினான்கு வகை நாயகர்களில் எட்டு. உச்ச நிலைக்கு அப்பால் விரியும் ‘இன்கார்னேட்’ சக்திகள் விஐபிகளுக்கு மட்டும். ஏவலாட்களை நடத்துகிற ‘மாஸ்டர்மைண்ட்’, எதிரியைக் கட்டிப்போடுகிற ‘கன்ட்ரோலர்’ இரண்டுக்கும் பூட்டு.

அடிப்படையை மட்டும் அவர்கள் பூட்டவில்லை. உடை அலங்காரத்தின் பெரும்பகுதி, ஒன்று முதல் ஐம்பது நிலை வரையிலான பயணம், நகரத்தின் தெருக்கள் எல்லாம் வந்தவர்க்கெல்லாம் கிடைத்தன. மார்வெல் நிறுவனமே நீதிமன்றம் போகும் அளவுக்குக் கோபப்படவைத்த அந்த உடை வடிக்கும் மேடை இருக்கிறதே, அதைச் சுவைக்கவிடாமல் எவரையும் அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஒரு பூட்டை மட்டும் மன்னிக்க முடியவில்லை. பேச்சைப் பூட்டினார்கள். காசு தராதவர் இன்னொருவருக்குத் தனிச்செய்தி அனுப்ப முடியாது. இத்தகைய விளையாட்டுகளில் ஆட்டத்துக்குள் புழங்கும் காசைக் கள்ளத்தனமாக விற்கிறவர்கள் இலவசக் கணக்குகளைத் தொடங்கி விளம்பரத்தை அள்ளிவீசுவார்கள், அவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நோக்கம் புரிகிறது. ஆனால் பாரகன் நகரத்தின் செல்வம் என்ன? அதன் மனிதர்கள். முதல் நாளே வழி கேட்டால் வந்து நிற்கிற, கூட்டுச் சேர்த்துக்கொள்கிற, புதியவனைத் தன் நிலைக்கு உயர்த்திக்கொண்டு போகிற மனிதர்கள். அந்தச் செல்வத்தை அள்ளத் தருவதற்காக வாசலைத் திறந்துவிட்டு, நுழைகிறவரின் வாயைக் கட்டியது பெரிய பிழை. ஒருவன் ஒரு நகரத்தில் தங்கிவிடுவது அங்கே அவனுக்கொரு சிநேகிதன் கிடைத்தால்தான்.

பழைய ஆட்களுக்கும் ஒரு சங்கடம் காத்திருந்தது. சந்தாவை நிறுத்திப் பல ஆண்டுகளானவர் இப்போது ‘பிரீமியம்’ ஆகத் திரும்பலாம். திரும்பிவந்து பார்த்தால், ஒரு காலத்தில் ஆசையாசையாக உருவாக்கிய பத்துப் பதினைந்து நாயகர்கள் வரிசையில் நிற்பார்கள். சிலரை மட்டுமே திறக்க முடியும். மற்றவர்களுக்குப் பூட்டு. யாரை அழைத்துக்கொள்வது, யாரை விட்டுவைப்பது? இல்லையேல் இடத்தைக் காசு கொடுத்து வாங்கு.

*

செப்டம்பர் 13 அன்று சந்தாதாரர்களுக்கும், செப்டம்பர் 27 அன்று உலகத்துக்கும் வாசல் திறந்தது. அதற்கு முன்னால் பாரகன் ஸ்டுடியோஸ் துணிந்து ஒரு காரியம் செய்தது.

2004 முதல் புதிய நாயகர்கள் கண்விழித்த தொடக்கப் பகுதிகள் இரண்டு: அட்லஸ் பார்க், கேலக்ஸி சிட்டி. கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் புதியவர் கண்ணுக்குத் தெரு வெறிச்சோடித் தெரியும். ஆகவே ஒன்றை அழித்தார்கள். வானத்திலிருந்து விண்கற்கள் விழுந்து கேலக்ஸி சிட்டி தரைமட்டமாவதையே புதியவர்களின் முதல் பாடமாக அமைத்தார்கள். இடிபாடுகளுக்கிடையே ஓடித் தப்பி, கடைசியில் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்: நாயகனா, வில்லனா? நாயகன் என்றால் புதுப்பிக்கப்பட்ட அட்லஸ் பார்க்கில் எல்லோரோடும் போய் நிற்பீர்கள். ஏழு ஆண்டுக் காலம் மக்கள் நடமாடிய ஒரு பேட்டையைப் புதியவர்களுக்கு முகவுரையாகக் கொடுத்துவிட்டார்கள். வருத்தம்தான். ஆனாலும் சரியான முடிவு. அந்த விண்கல் மழை போல ஒரு தொடக்கம் அதுவரை அந்த விளையாட்டுக்கு வாய்க்கவே இல்லை.

பிறகு கடையில் சரக்கு இறங்கியது. ‘ஸ்ட்ரீட் ஜஸ்டிஸ்’ என்கிற தெருச்சண்டைச் சக்தி, பிரம்மாண்ட ஆயுதங்களை வீசும் ‘டைட்டன் வெப்பன்ஸ்’, புதுப்புது உடைகள். ஆட்டக்காரர்கள் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தவை இப்போது வரிசையாக வந்தன. காரணம் வெளிப்படை. ஒரு புதிய சக்தியைச் செய்தால் அதற்கு நேரடியாக வருமானம். 2012இல் வந்த ‘சூப்பர் பேக்’ மட்டும் என் மனதுக்கு ஒப்பவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துப் பிரிக்கிற அட்டைப் பொட்டலம் அது. அதிர்ஷ்டத்தை விற்கிற வியாபாரம் ஒரு நகரத்துக்கு நல்லதல்ல.

கதையையும் பகுதி பகுதியாக விற்றார்கள். தலைப்பு: ‘யார் சாகப் போகிறார்கள்?’ விஐபிகளுக்கு இலவசம், மற்றவர்களுக்கு விலை. மொத்தம் ஏழு பாகங்கள். ஐந்தாவது பாகத்தில் செத்தவன் ‘ஸ்டேட்ஸ்மேன்’. நகரத்தின் முதல் நாயகன், விளையாட்டுப் பெட்டியின் மேலட்டையில் நின்றவன். முன்னாள் தலைமை வடிவமைப்பாளர் ஜாக் எம்மர்ட் ஆட்டக்காரர்களிடையே உலவியபோது சூட்டிக்கொண்ட பெயரும் அதுதான். முன்னாள் தலைவரின் நிழலைப் புதைத்துவிட்டு, தன் சொந்தக் காலில் நிற்கத் தயாரானது பாரகன் நகரம்.

ஆனால் தலைவிதியைத் தீர்மானிக்கிற இடம் மவுன்டன் வியூ அல்ல.

*

2011 நவம்பர் 1 அன்று ‘டிசி யுனிவர்ஸ்’ விளையாட்டும் இலவசமானது. அமெரிக்காவின் மூன்று சூப்பர்ஹீரோ நகரங்களும் ஒரே ஆண்டில் வாசலைத் திறந்துவிட்டன. சில நாள்களிலேயே வருமானம் 700 சதவீதம் உயர்ந்துவிட்டது என்று சோனி பெருமிதத்தோடு அறிவித்தது. அங்கே கொரியாவில், 2012 ஜூனில் என்ஸிசாஃப்டின் நிறுவனர் கிம் டேக் ஜின் நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 14.7 சதவீதத்தைத் தன் கையிருப்பிலிருந்து விற்றார். வாங்கியது நெக்ஸான். இலவச ஆட்டத்தை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்த அதே நெக்ஸான்.

ஆகஸ்ட் 28 அன்று என்ஸிசாஃப்டின் புதிய பெருவிளையாட்டு ‘கில்ட் வார்ஸ் 2’ வெளியானது. சந்தா கிடையாது. பெட்டியை ஒரு முறை வாங்கினால் போதும் என்பது அன்றைய ஏற்பாடு.

பாரகன் ஸ்டுடியோஸ் அணியினர் அப்போது விளையாட்டின் 24ஆவது பெரும் புதுப்பிப்பைச் சோதனையில் வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 31, வெள்ளிக்கிழமை, வழக்கம்போல வேலைக்கு வந்தார்கள். அன்றைக்கே அவர்களுக்குச் சொல்லப்பட்டது: ஸ்டுடியோ மூடப்படுகிறது. சுமார் 80 பேருக்கு வேலை போனது. நிறுவனத்தின் கவனத்தை மறுசீரமைக்கிறோம் என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். நவம்பர் 30 அன்று சர்வர்கள் அணைக்கப்படும்.

வாசல் திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பாரகன் நகரத்துக்கு எஞ்சியிருந்தவை 91 நாள்கள். அந்த 91 நாள்களில் அதன் குடிமக்கள் சும்மா இருக்கவில்லை.

(தொடரும்)