பாம்பனில் பழையதும் புதியதும்

ராமேஸ்வரம் தீவுக்குப் போகும் பாம்பன் கடல் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1914 பிப்ரவரியில். அதன் நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப் பாலத்தின் இரு கைகளையும் ஊழியர்கள் கையாலேயே இயக்கி மேலே தூக்கி, கப்பல்களுக்கு வழிவிட்டார்கள்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாலத்தின் பெரும்பாலான உத்திரங்களும் கடலில் விழுந்தன. சாலை வழி அப்போது கிடையாது. தீவுக்குப் போக படகுதான். மூழ்கிக் கிடந்த உத்திரங்களை மீட்டு மறுபடி பொருத்தி, பொறியாளர் ஸ்ரீதரன் குழு 46 நாளில் பாலத்தைச் சீராக்கியது.

1988இல் பக்கத்திலேயே சாலைப் பாலம் திறந்தது. அதன் அருமை பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

2020இல் புதிய ரயில் பாலத்தின் வேலை தொடங்கியபோது பழையதில் யாரும் கைவைக்கவில்லை. இணையாகப் புதுத் தூண்கள் எழ, பழைய பாலத்தில் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் 2022 டிசம்பரில், பாதுகாப்பு கருதி அதுவும் நின்றது. புதியது திறக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அதுவரை ராமேஸ்வரம் பயணிகள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, சாலைப் பாலம் வழியாகத் தீவுக்குப் போனார்கள்.

புதிய பாலத்தை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் சோதித்தார். 2025 ஏப்ரல் 6 அன்று அது திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மின்விசையில் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது.